கதவு வைக்காத சுவர்

முகைதீன்பாவா மேசன் எழுப்பிய சுவர் ஒன்றாவது வெடித்திருக்கிறதா என்று காத்தான்குடியில் யாரிடமும் கேட்டுப் பாருங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பதினொரு வயதில் சீமெந்துத் தாச்சி சுமந்தார். இன்று பட்டம் படித்த இஞ்சினியர்மாரே நூல் பிடிக்க அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். தங்கச்சிமார் மூன்று பேருக்கும் கல்வீடு கட்டிக் கொடுத்த பிறகுதான் தான் கலியாணம் முடித்தார். அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அவருக்கு மகள்மார் இரண்டு பேர். பெண்ணுக்கு வீடு கொடுப்பது ஊர் வழக்கம். மூத்தவள் பர்ஸானாவின் நிக்காஹ்வுக்கு முன் தன் பெரிய வீட்டை நடுவால் பிரித்துச் சுவர் எழுப்பினார். பாதி அவளுக்கு, மறுபாதி இளையவள் நிஸ்றாவுக்கு. நாளைக்கு மருமகன்மாருக்குள் பிரச்சினை வரக்கூடாது என்று இடையில் ஒரு கதவுகூட வைக்கவில்லை.

நிஸ்றாவுக்குப் பதினாறு வயது. சுவர் எழும்பும்வரை ராத்தா பர்ஸானாவோடு ஒரே பாயில் படுத்தவள், ராத்தா தலை வாரி இழுப்பதுபோலவே தலை இழுத்தவள். ராத்தா கலியாணம் முடித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் போனதிலிருந்து, பன்னிரண்டு நாளாக, அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. வியாழக்கிழமைக்குள் வந்து சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்தில் கையொப்பம் வைக்காவிட்டால் இந்த வருடம் எழுத முடியாது என்று ரீச்சர் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை பின்னேரம் பர்ஸானா தங்கச்சியின் போனுக்கு ஒரு ஜப்பான் கார்ட்டூன் படத்தை அனுப்பினாள். முதல் பாகத்தை இருவரும் சேர்ந்து ஏழு தரம் பார்த்திருந்தார்கள். இது இரண்டாம் பாகம். வீட்டை விட்டு வெளியே வராத ஒரு பிள்ளையும் அவளோடு கூடப்பிறந்த மூத்த காக்காவும்தான் கதை. தனியே பார்க்க மாட்டேன் என்று வாப்பாவிடம் சொன்னாள் நிஸ்றா. மேசன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இந்தப் புள்ள ஏன் மகள் கதைக்காம இரிக்கி?”

“யோசிக்கிறா வாப்பா.”

“அரை மணித்தியாலமாவா? அதுக்குள்ள நான் ஒரு அத்திவாரம் வெட்டியிருப்பன்.”

நிஸ்றா சிரித்துவிட்டாள். அந்தத் துணிவில் அவர் சொன்னார். “சுவர நினைச்சிக் கவலைப்படாத. நாளைக்கே வெட்டிக் கதவு வெச்சித் தாறன். வாப்பாட வேலை எப்பிடி இரிக்கும் எண்டு பாரன்.”

“வேணா வாப்பா.” அவள் படத்தை நிறுத்தினாள். “கதவு வெச்சா நான் திரும்பவும் ராத்தாவாவே ஆகிருவன்.”

“அப்ப நீ ஸ்கூலுக்குப் போவன்.”

“என்ன படிக்கப் போறாய், என்ன புடிக்கும் எண்டெல்லாம் அங்க கேக்காங்க. இவ்வளவு நாளும் ராத்தா சொன்னதத்தான் சொன்னன். எனக்கு என்ன புடிக்கும் எண்டு எனக்குத் தெரியா.”

கட்டச் சொன்னால் மேசன் கட்டுவார், உடைக்கச் சொன்னால் உடைப்பார். அவள் இரண்டையும் கேட்கவில்லை.

வியாழன் காலை அவளாகவே பள்ளிக்கூட வெள்ளை உடுப்பு உடுத்து வந்து மோட்டார் சைக்கிளில் ஏறினாள். அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தான் கட்டிய வீடுகளை வழிநெடுக அவளுக்குக் காட்டிக்கொண்டே போனார். பள்ளிக்கூட வாசலில் நிறுத்தியபோது அவள் இறங்கவில்லை.

“இறங்கு மகள்.”

“கொஞ்சம் இரிங்க வாப்பா.”

மணி அடித்தது. பிந்தி வந்த பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள். காவலாளி கேற்றைப் பாதி இழுத்துவிட்டுத் திரும்பினான்.

“என்ன மேசன், புள்ள வாறாவா இல்லியா?”

பின்னால் சட்டையை இரண்டு கைகள் இறுக்கிப் பிடித்திருந்தன. இறங்கச் சொல்வதா, வீட்டுக்குத் திருப்புவதா என்று தெரியாமல், எஞ்சினையும் நிறுத்தாமல், ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி மேசன் இருந்தார்.