அச்சு காலைத் தொட்டால்

போன வருடத்துக்கு முந்தின பொங்கல் விடுமுறைக்கு, பொள்ளாச்சியில் இருக்கும் என் கொழுந்தியா வீட்டுக்குப் போயிருந்தோம். கோயம்புத்தூருக்குத் திரும்பும்போது காரில் மூன்று பேர். நான், என் மனைவி, அவள் மடியில் கொழுந்தியா கொடுத்த ஒரு பொமரேனியன் குட்டி. அச்சு வெல்லத்தின் நிறம். இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்தால் அதற்குள் அடங்கிவிடும். கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் அதற்கு அச்சு என்று பேரும் வைத்துவிட்டாள்.

எனக்கு மனசே இல்லை. நாய் பிடிக்காது என்றில்லை, காரணம் வேறு. என் மனைவிக்குக் காது சரியாகக் கேட்காது. சில வருடங்களுக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கேட்பது வேகமாகக் குறைந்துபோனது. கருவி மாட்டியிருக்கிறாள். எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேசினால் புரிந்துகொள்வாள். நாலு பேர் சேர்ந்து பேசினால் அவளுக்கு எல்லாமே இரைச்சல்தான்.

அதற்கு முன்னால் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தவள். குழந்தைகள் பின்னாலிருந்து கூப்பிடுவது தெரியவில்லை என்று தானாகவே வேலையை விட்டாள். அப்புறம் கல்யாணம் காட்சிகளுக்குப் போவதையும் ஒவ்வொன்றாக நிறுத்தினாள். கருவி தெரியாதபடி முடியைக் காதுமேல் விட்டுக்கொள்வாள். ஆர்.எஸ்.புரம் பக்கத்தில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் யாருக்கும் விஷயம் தெரியாது. கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காத தலைக்கனம் பிடித்தவள் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள்.

எங்கள் பெண் சென்னையில் படிக்கிறாள். நான் காலையில் பம்ப் கம்பெனிக்குக் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவேன். பகல் முழுக்க இவள் தனியாக இருக்கும் வீட்டில் ஒரு குட்டி பசித்து அழுதால், எங்கேயாவது மாட்டிக்கொண்டு கத்தினால், இவளுக்கு எப்படித் தெரியும்? வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அவள் பக்கம் திரும்பி இதைக் கேட்டேன்.

"அது அழுதா எனக்குக் கேக்காதுங்க. ஆனா பாத்தாத் தெரியுமில்லீங்க" என்றாள்.

நான் வண்டியைக் கிளப்பினேன்.

முதல் நாள் அச்சு சோபாவுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. நான் குனிந்து குனிந்து கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை. அவள் கூப்பிடவே இல்லை. சோபாவுக்கு எதிரே தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு ஒரு வாரப் பத்திரிகையைப் படிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அதுவாக வெளியே வந்து அவள் முழங்கையை முகர்ந்து பார்த்தது.

எங்கள் வீட்டு டைல்ஸ் தரையில் குட்டிக்குக் கால் நிற்கவில்லை. நாலு காலும் நாலு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். விருந்தாளி வந்தால் மட்டும் விரிக்கிற பவானி ஜமக்காளத்தை எடுத்து ஹாலில் விரித்துவிட்டாள். அச்சு அதில் கால் ஊன்றி ஓடப் பழகியது. உடனே அதிலேயே ஒன்றுக்கும் போனது. பால்கனியில் விரித்த பேப்பரைத் தவிர வீட்டில் எல்லா இடத்திலும் போனது. என் செருப்பு ஒன்று வார் இல்லாமல் ஆனது. பால் கொடுக்க வேண்டாம், குட்டிகளுக்கான தீனியை ஊறவைத்து ஒரு நாளைக்கு நாலு வேளை கொடுங்கள், தடுப்பூசி முடியும்வரை தரையில் விட்டுத் தெருவில் நடத்தாதீர்கள் என்று டாக்டர் சொன்னதையெல்லாம் அவள் ஒன்று விடாமல் செய்தாள். ஆப்பிள் வந்த அட்டைப்பெட்டியில் பழைய சேலையை மடித்துப் போட்டு, கட்டிலில் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். தூங்கும்போது ஒரு கை பெட்டிக்குள்ளேயே கிடக்கும். குட்டி எழுந்து நடமாடினால் கை சொல்லும், காது வேண்டியதில்லை.

கொஞ்ச நாளில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். நான் வீட்டில் இருந்தால் அச்சு என்னைப் பார்த்துக் குரைக்கும், சிணுங்கும். அவளிடம் அப்படிச் செய்யாது. நேராகப் போய், முன்னங்கால் ஒன்றைத் தூக்கி அவள் பாதத்தின் மேல் வைக்கும். வைத்துவிட்டு முகத்தைப் பார்க்கும். அவளிடம் குரல் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை என்று அந்தத் துளி உயிர் தானாகவே கண்டுபிடித்திருந்தது. ஆச்சரியப்பட்டு நான் சொன்னபோது, அவள் எனக்கு முன்னாலேயே அதைக் கவனித்து வேலையைத் தொடங்கியிருந்தாள். காலைத் தொடும்போதெல்லாம் வேகவைத்த கோழித்துண்டு ஒன்றைக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைத்திருந்த சமயத்தில்தான், குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. மூன்றாவது மாடி நாய் தினமும் காலையில் விடாமல் ஊளையிடுகிறது, கைக்குழந்தை தூங்க முடியவில்லை என்று எங்களுக்கு நேர் கீழ் வீட்டுப் பெண் எழுதியிருந்தார். அதற்கு ஆமாம் போட்டு நிறையப் பேர்.

விசாரித்தால் உண்மைதான். துணி காயப்போட என் மனைவி மொட்டை மாடிக்குப் போகிற நேரத்தில், தனியாக விடப்பட்ட குட்டி கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கத்தித் தீர்த்திருக்கிறது. இவள் வாளியோடு படியிறங்கி வந்து கதவைத் திறக்கும்வரை கத்தும். திறந்ததும் வாலை ஆட்டும். இவளுக்குத் தெரிந்தது வால் மட்டும்தான்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் என்னைப் போனில் கூப்பிட்டார். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர்தான். தோட்டத்துப் பக்கம் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் குட்டியைக் கொடுத்துவிடுங்கள், அடுத்த கூட்டத்தில் இதை முடித்துவிடலாம் என்று தன்மையாகச் சொன்னார். நான் அதை மனைவியிடம் சொன்னேன். அவள் குனிந்து கீழே பார்த்தாள். அச்சு அவள் பாதத்தில் தலையை வைத்துப் படுத்திருந்தது.

"இத்தனை நாளா அழுதுட்டு இருந்திருக்குதுங்க. நான் மேல நின்னு துணி ஒணத்திட்டு இருந்திருக்கறேன்" என்றாள்.

நான் ஒருவனே கூட்டத்துக்குப் போய் அவள் நிலைமையை எடுத்துச் சொல்லி, பேசிச் சமாளித்துவிட்டு வருகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"நீங்க போயிப் பேசுனா, பாவம், காது கேக்காதவ, வச்சுக்கட்டும்னு உட்டுருவாங்க. எனக்குப் பாவம் வேண்டாமுங்க. நானே வாரேன்."

கூட்டத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. மறுநாள் தொடங்கி அவள் செய்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. பெண் விட்டுவிட்டுப் போன பழைய செல்போனை ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, அதிலிருந்து தன் போனுக்கு வீடியோ கால் போட்டாள். வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து திரையில் குட்டியைப் பார்ப்பாள். வாய் திறந்தால் கத்துகிறது. மூடியிருந்தால் சும்மா இருக்கிறது. கத்தும்போது உள்ளே போகமாட்டாள். வாய் மூடிக் கொஞ்ச நேரம் ஆனதும் கதவைத் திறந்து, ஒன்றும் நடக்காத மாதிரி உள்ளே போவாள். கொஞ்சம் கொஞ்சமாக அந்த நேரத்தை நீட்டினாள். படிக்கட்டிலிருந்து மொட்டை மாடிவரை போனாள். குழந்தை தூங்குகிற நேரத்தைக் கீழ் வீட்டில் விசாரித்துக்கொண்டு வரச் சொல்லி என்னை அனுப்பினாள். அந்த நேரத்தில் மட்டும் பயிற்சி கிடையாது, குட்டியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் மாடிக்குப் போவாள்.

சாயங்காலம் என் முறை. அவள் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். நான் படுக்கையறையிலிருந்து அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அச்சு ஓடிப்போய் அவள் காலைத் தொட வேண்டும். ஆரம்பத்தில் அது என்னிடம்தான் ஓடி வந்தது, கோழித்துண்டு என் கையில் இருந்ததால். அதைப் பிடுங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டாள். தப்பாகச் செய்தால் திட்டமாட்டாள், திரும்பவும் முதலிலிருந்து. நர்சரிக் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அதே முகத்தை நான் ரொம்ப நாள் கழித்துப் பார்த்தேன்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கீழே பார்க்கிங்கில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி முன் வரிசையில், மடியில் அச்சுவோடு. தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் எல்லாம் பேசி முடித்து நாய் விஷயம் வந்ததும், வழக்கம்போல ஐந்தாறு பேர் ஒரே சமயத்தில் பேசினார்கள். அவள் ஒவ்வொரு வாயாகப் பார்த்துத் திணறுவது எனக்குத் தெரிந்தது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அதற்குள் அவள் எழுந்து நின்றுவிட்டாள். காதின் மேல் கிடந்த முடியை எடுத்துப் பின்னால் விட்டுக்கொண்டாள்.

"எனக்குக் காது கேக்கறது கம்மிங்க. ஒருத்தர் முடிச்சதும் இன்னொருத்தர், என் மூஞ்சியப் பாத்துப் பேசுனீங்கன்னா, எல்லாத்துக்கும் பதில் சொல்றேனுங்க."

இத்தனை வருடம் வணக்கம் சொல்லிப் பதில் வராமல் முகம் சுளித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் அதற்காக நிற்கவில்லை. கீழ் வீட்டுப் பெண்ணைப் பார்த்து, குட்டி அழுதது தனக்குத் தெரியாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டாள். பிறகு என்னென்ன செய்திருக்கிறாள் என்பதை வரிசையாகச் சொன்னாள். கடைசியாகச் செயலாளரைத் தனக்குப் பின்னால் தள்ளிப்போய் நின்று, எப்போது வேண்டுமானாலும் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடும்படி கேட்டுக்கொண்டாள். குட்டியைத் தரையில் விட்டாள்.

அவர் போய் நின்று கூப்பிட்டார். அச்சு யாருடைய செருப்பையோ கவ்விக்கொண்டு ஒரு காருக்கு அடியில் நுழைந்தது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவளுக்குச் சிரிப்புச் சத்தம் எவ்வளவு கேட்டதோ தெரியாது, ஆனால் முகங்களைப் பார்த்தாள். அவளும் சிரித்தாள். காரின் அடியிலிருந்து அதை வெளியே எடுத்து, செருப்பை உரியவரிடம் கொடுத்துவிட்டு, முன்னால் நின்ற இடத்திலேயே போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"இன்னொருக்காக் கூப்பிடுங்க" என்றாள்.

செயலாளர் கொஞ்சம் பொறுத்து, இந்த முறை மெதுவாகத்தான் கூப்பிட்டார். அச்சு காதைத் தூக்கி அவரைப் பார்த்தது. பிறகு நாற்காலிகளுக்கு நடுவே குடுகுடுவென்று ஓடி, அத்தனை கால்களில் அவள் காலைத் தேடிப் பிடித்து, முன்னங்காலை அதன்மேல் வைத்தது. அவள் திரும்பி நேராகச் செயலாளரைப் பார்த்தாள்.

"சொல்லுங்க சார்" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே தன் நாற்காலிக்குத் திரும்பினார். கீழ் வீட்டுப் பெண்தான் எழுந்து பேசினார்.

"இப்பெல்லாம் சத்தம் அவ்வளவா இல்லீங்க. குழந்தை தூங்கற நேரத்துக்குச் சுத்தமா இல்லை. ஏனுங்கக்கா, இதையெல்லாம் மொதல்லயே எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

அன்றைக்குத் தீர்மானம் எதுவும் போடவில்லை. செயலாளர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார், ஆனால் என் மனைவிக்குத் தன் முகம் தெரியும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பேசினார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, கேட்க வேண்டியும் இருக்கவில்லை. சுற்றியிருந்த எல்லோரையும் கூப்பிட்டு அது என் வீட்டுக்காரி என்று சொல்ல வேண்டும்போல இருந்தது.

அச்சு இப்போது பெரிய ஆளாகிவிட்டது. பெரிய ஆள் என்றால், இன்னமும் என் முழங்காலுக்குக் கீழேதான். காலிங் பெல், குக்கர் விசில், போன் எல்லாவற்றுக்கும் ஓடிப்போய் அவள் காலைத் தொட்டுவிட்டு, சத்தம் வந்த இடத்துக்குக் கூட்டிப்போகும். எங்கள் குடியிருப்பில் எல்லோரும் அவள் முன்னால் வந்து நின்றுதான் பேசுகிறார்கள். அவள் முடியைப் பின்னால் இழுத்துக் கட்டிக்கொள்கிறாள். கீழ் வீட்டுக் குழந்தையும் இன்னும் இரண்டு மூன்று வாண்டுகளும் காலையில் எங்கள் ஹாலில்தான் இருக்கின்றன. ஜமக்காளத்தில் உட்கார வைத்துக் கதை சொல்கிறாள். யாராவது பின்னாலிருந்து டீச்சர் என்று கூப்பிட்டால், அச்சு எழுந்து தன் வேலையைப் பார்க்கிறது.

மாலையில் நான் அதை நடக்கக் கூட்டிக்கொண்டு போகும்போது, உங்கள் நாயா என்று யாராவது கேட்பார்கள். எங்க வீட்டம்மாவோடதுங்க, அவங்களே பழக்குனது என்று சொல்வேன். அப்படிச் சொல்லும்போது என் குரல் என்னையறியாமல் கொஞ்சம் உயர்ந்துவிடும். அவளுக்காகப் பேசுவதுதான் துணை என்று நினைத்திருந்த எனக்கு, அவள் பேசும்போது கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டதுதான் என் வாழ்க்கையிலேயே பெருமையான காரியமாக இன்றுவரை இருக்கிறது.