கிணற்றுக்குள் ஒரு மெசின்

எங்கள் ஒழுங்கையில் ஒரு காலத்தில் எல்லோருமே மொழிபெயர்ப்பாளர்களாக இருந்தார்கள். மொழி மட்டும் ஒருவருக்கும் தெரியாது. நானும் அவர்களில் ஒருவன். வயது பத்து. பிற்காலத்தில் தெரியாத விசயங்களைப் பற்றியெல்லாம் பத்திரிகையில் பத்தி எழுதிச் சீவிக்கப் போகிறவனுக்கு அது நல்ல பயிற்சிதான்.

சண்டைக்கு ஓடி, ஆறு மாதம் சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்துவிட்டுக் கொக்குவிலுக்குத் திரும்பி வந்திருந்தோம். வீட்டில் கதவு நிலைகள் இருந்தன, கதவுகள் இல்லை. எங்கள் ஒழுங்கை பெரிய தெருவில் ஏறும் சந்தியில் புதிதாக ஆமியின் காவலரண் ஒன்று இருந்தது. அப்பா கொழும்பில் மாட்டுப்பட்டு நின்றார். ஆகவே நான், அம்மா, அம்மாவின் அக்காவான பெரியம்மா என்று மூன்று பேர். பெரியம்மா தையல்காரி. கழுத்தில் அளவு நாடா இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. கோயிலுக்குப் போகும்போது மட்டும் அதைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வார். எங்கள் மூன்று பேருடைய சோறும் அவருடைய தையல் மெசினிலிருந்துதான் வரவேண்டும்.

அந்த மெசின் கிணற்றுக்குள் கிடந்தது.

ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று மற்றவர்கள் நகையையும் காணி உறுதியையும் மடியில் கட்டிக்கொண்டிருக்க, பெரியம்மா மெசினின் தலையை மேசையிலிருந்து கழற்றி, எண்ணெய் பூசி, பொலித்தீனால் சுற்றி, இரண்டு உரப்பைக்குள் போட்டுக் கட்டிக் கயிற்றில் இறக்கிவிட்டார். நிலத்தில் புதைத்தால் யாரும் கிண்டி எடுத்துவிடுவார்களாம். திரும்பி வந்து பார்த்தபோது கயிறு இற்றுப்போயிருந்தது. மூட்டை சேற்றுக்குள் போய்விட்டது. ஆளை இறக்கி எடுப்பிக்கலாம்தான். ஆனால் உரப்பையில் சுற்றிய பாரமான சாமான் ஒன்றைக் கிணற்றுக்குள்ளிருந்து தூக்கினால், அது தையல் மெசின்தான் என்று சந்திக் காவலரணுக்கு யார் போய்ச் சொல்வது? பெரியம்மா ஊசி நூலோடு அயல் வீடுகளின் கிழிசல்களைக் கையால் தைத்துக்கொண்டு, தண்ணீர் வற்றட்டும் என்று காத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கிணறு துப்புரவாக்கும் வேலை தொடங்கியது. பட்டியல் போடுவது எங்கள் பகுதிக் கிராம அலுவலரான விதானையார். பம்ப் கொண்டுவந்து இறைப்பதும் சேறு அள்ளுவதும் ஆமிக்காரர். சேற்றைக் கொட்ட இடம் காட்டுவது வீட்டுக்காரர். எங்களை ஓடவைத்த சண்டையில் ஒரு பக்கமாக நின்றவர்கள் இப்போது எங்கள் கிணற்றில் வாளி விட வருகிறார்கள் என்பது பற்றி ஒழுங்கையில் பலவிதமான அபிப்பிராயங்கள் இருந்தன. தண்ணீரைப் பற்றி ஒரே அபிப்பிராயம்தான் இருந்தது.

"எங்கடை கிணறு நல்லாய்த்தான் இருக்கு. உந்தப் பட்டியலிலை இருந்து வெட்டிவிடுங்கோ," என்றார் பெரியம்மா.

"அக்கா, ஒழுங்கையிலை நல்ல தண்ணிக் கிணறு உங்கடை ஒண்டுதான். அதை விட்டால் சனம் என்னை விடாது," என்றார் விதானையார்.

உண்மையான காரணத்தை அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் விதானையாரிடம் ஒன்றைச் சொல்வதும் கோயில் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். அத்தோடு ஒழுங்கையின் தலைமை மொழிபெயர்ப்பாளரும் அவரே. இளமையில் தெற்கே ஒரு புகையிலைக் கடையில் எட்டு மாதம் நின்றவர். புகையிலை வாங்கவும் விற்கவும் வேண்டிய சிங்களம் முழுவதும் அவருக்குத் தெரியும்.

வேலை சந்தியிலிருந்து கிணறு கிணறாக எங்கள் பக்கம் நகர்ந்து வந்தது. சுற்றியிருந்த வீடுகளில் இறைக்கத் தொடங்கிய முதல் நாள், ஒரு ஆமிக்காரன் வேலிக்கு மேலால் எட்டி என்னைப் பார்த்து, "மல்லி, வத்துர டிக்கக்," என்றான். வத்துர என்றால் தண்ணி என்பது எனக்குத் தெரியும். மல்லி என்றால் என்னவென்று தெரியாத தமிழன் உண்டா? ஓடிப்போய் பெரியம்மாவிடம், "மல்லித் தண்ணி கேக்கிறார்," என்றேன்.

"தடிமன் போல. கிணத்துக்குள்ளை நிண்டால் சளி பிடிக்கும்தானே," என்றார் பெரியம்மா. யாராக இருந்தாலும் தடிமன் தடிமன்தான். இருந்த கொஞ்ச மல்லியில் வேர்க்கொம்பும் தட்டிப் போட்டு அவித்துக் கொடுத்தார். வெயிலில் வேர்த்து விறுவிறுத்து நின்றவன் கொதிக்கக் கொதிக்க ஒரு மிடறு குடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. அடுத்த நாளும் கேட்டான். அடுத்த நாளும் கொடுத்தோம்.

மூன்றாம் நாள் விதானையார் கண்டுவிட்டார். "அக்கா, மல்லி எண்டால் அவையின்ரை பாசையிலை தம்பி. பெடியனைக் கூப்பிட்டுப் பச்சைத் தண்ணியெல்லே கேட்டிருக்கிறான்."

பெரியம்மா கொஞ்சமும் அசரவில்லை. "தம்பியைக் கூப்பிட்டாலும் தடிமன் தடிமன்தானே," என்று நான்காம் நாளும் அதையே கொடுத்தார். ஒரு பிழையைத் திருத்துவதைவிடத் தொடர்வது சுலபம் என்பதை நான் கற்றது அங்கேதான்.

ஐந்தாம் நாள் எங்கள் முறை. பெரியம்மா விடிந்ததிலிருந்து சாமி அறைக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டிருந்தார். பம்ப் இரைந்தது. தண்ணீர் இறங்க இறங்க அவருடைய முகமும் இறங்கியது. மல்லித் தண்ணிக்காரன்தான் சேறு அள்ளக் கயிற்றில் இறங்கினான். நாலு வாளி மேலே வந்தது. ஐந்தாவது வாளி வரவில்லை. கீழேயிருந்து 'டங்' என்று ஒரு சத்தம், பிறகு மெல்லிய குரலில் ஏதோ ஒரு சொல்.

பம்பை நிறுத்தினார்கள். அவர்களுடைய பெரியவர், மீசைக்காரர், எட்டிப் பார்த்தார். உடனே எல்லோரையும் ஒழுங்கைக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டிக் கத்தினார்.

"காலுக்குக் கீழை என்னவோ கிடக்காம். மிதிச்சிட்டானாம்," என்றார் விதானையார். இதை மொழிபெயர்க்க அவர் தேவைப்படவில்லை. மிதிவெடியை மிதித்தால் காலை எடுக்கக்கூடாது, எடுக்கும்போதுதான் வெடிக்கும் என்பது அந்த நாட்களில் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கே தெரிந்த பாடம். கிணற்றுக்குள் அவன் ஒற்றைக் காலை ஊன்றியபடி அசையாமல் நின்றான். முகாமிலிருந்து ஆட்கள் வரும்வரை அப்படியே நிற்கட்டும் என்று கட்டளையாம்.

அம்மா என் கையை இழுத்துக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடினார். பெரியம்மா ஓடவில்லை. பேசாமல் எங்களோடு வந்திருக்கலாம். மூட்டை யாருடையது என்று யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. அவர் திரும்பிக் கிணற்றடிக்கே போனதை வேலி ஓட்டையால் பார்த்தேன்.

"மெசின்," என்றார் மீசைக்காரரிடம். "அது என்ரை மெசின்."

மீசைக்காரருக்கு விளங்கவில்லை. பெரியம்மா கையால் சக்கரம் சுற்றிக் காட்டி, வாயால் சத்தமும் போட்டார். "டக டக டக டக."

நாலு துவக்குக் குழல்கள் ஒன்றாக அவரை நோக்கி நிமிர்ந்தன.

நிலைமையைச் சீர்செய்யும் பொறுப்பை விதானையார் ஏற்றுக்கொண்டார். வேலிக்கு மறுபக்கம் நின்றபடியே, "துவக்கு இல்லை, துவக்கு இல்லை," என்று உரத்துக் கத்தினார். துவக்கு என்பது இரண்டு பாசைக்கும் பொதுவான சொல். 'இல்லை' பொதுவானதல்ல. ஆகவே மீசைக்காரருக்குக் கேட்டது இவ்வளவுதான்: துவக்கு, துவக்கு.

"விதானையார், நீங்கள் வாயை மூடுங்கோ," என்றார் பெரியம்மா.

பிறகு கழுத்திலிருந்த நாடாவை மெல்ல இழுத்து எடுத்தார். நிமிர்ந்த துவக்குகளுக்கு நடுவால் நடந்துபோய், மீசைக்காரருக்குப் பின்னால் நின்று, ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு நாடாவைப் பிடித்தார். பதினெட்டே கால் என்று வாய்க்குள் சொன்னார். அடுத்து அவருடைய கையைத் தூக்கிவிட்டு, தோளிலிருந்து மணிக்கட்டுவரை அளந்தார். முப்பது வருடம் தினமும் செய்த வேலை. மீசைக்காரர், அளவெடுக்கும்போது எல்லா ஆம்பிளைகளும் நிற்பதைப் போலவே, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அப்படி நின்றபோதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"ஆ... மஹன மெஷின்," என்றார், தையல் மெசினுக்குத் தங்கள் பாசையில்.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தனான்," என்றார் விதானையார்.

மீசைக்காரர் கீழே குனிந்து என்னவோ சொன்னார். கீழே இருந்தவன் உடனே நம்பவில்லை. காலை எடுக்கக் கனநேரம் பிடித்தது. முதலில் மூட்டை மேலே வந்தது, பிறகு அவன். மேலே ஏறியவன் கிணற்றடித் துலாக்காலைப் பிடித்தபடி அப்படியே குந்திவிட்டான். உடம்பெல்லாம் சேறு, கிணற்றுக் கட்டில் உரசிச் சட்டை முதுகில் கிழிந்திருந்தது. மற்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தையல் மெசினுக்குப் பயந்த ஆமிக்காரனைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்ல எனக்கு ஒரு மாதத்துக்குக் கதை கிடைத்துவிட்டது.

பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. மூட்டையை அவிழ்க்கவும் இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் காத்திருந்த மெசின் காலடியில் கிடக்க, குசினிக்குப் போய் மல்லித் தண்ணியோடு வந்தார். அவன் முகம் சுளிக்காமல் குடித்து முடித்தான். "எழும்பு," என்றார். அவனுக்குத் தமிழ் விளங்கியிராது, ஆனால் எழும்பினான். அவனுடைய தோளையும் கையையும் அளந்துவிட்டு உள்ளே போனார்.

மெசின் துருப்பிடிக்கவில்லை. எண்ணெய் விட்டு, இரண்டு நாளில் ஓடத் தொடங்கியது. அதில் பெரியம்மா முதன்முதலாகத் தைத்தது, அப்பாவுக்கென்று எடுத்து வைத்திருந்த நீலக் கோடு போட்ட துணியில் ஒரு முழுக்கைச் சேட். ஆருக்கு என்று அம்மா கேட்டார். "உவனுக்குத்தான். வளந்தாப் போடட்டும்," என்று என்னைக் காட்டினார் பெரியம்மா. போட்டுப் பார்த்தேன். முழங்கால்வரை தொங்கியது. இவ்வளவு பெரிதாகத் தைக்க இவருக்கு அளவும் மறந்துபோயிற்றா என்று எனக்குக் கோபம். அதைப் பேப்பரில் சுற்றி மெசினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒழுங்கையில் லொறிச் சத்தம் கேட்கும் போதெல்லாம் தைப்பதை நிறுத்திப் வாசல் படலையடிவரை போய்ப் பார்த்துவிட்டு வருவார். பயத்தில் பார்க்கிறார் என்று நினைத்தேன். கிணறு இறைத்தவர்களை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள் என்று விதானையார் வந்து சொன்ன பிறகு, சேட் அலுமாரிக்குள் போனது.

உயர்தரச் சோதனை முடிந்த கையோடு ஒரு கலியாணத்துக்கு உடுக்க நல்ல சேட் இல்லாமல் தேடியபோது அது கையில் அகப்பட்டது. எனக்குப் பதினெட்டு வயது. தோள் அச்சொட்டாகப் பொருந்தியது. கைதான் கொஞ்சம் கட்டை.

நான் மல்லித் தண்ணிக்காரனை ஒரு பெரிய ஆள் என்றுதான் நினைத்திருந்தேன்.