இரண்டு ஹேமர்கள்

தொண்ணூறுகளில் மைசூரில் ஒரு தொழிற்சாலைக் கட்டடத்துக்கு நான் சூப்பர்வைசராக இருந்தேன். கான்கிரீட் தூண்களில் போல்ட் இறக்கத் துளை போட வேண்டியிருந்தது. வாடகைக் கடையில் ஹேமர் டிரில் ஒன்றை எடுத்துவந்து, கொள்ளேகால் பக்கத்து ஹனூரிலிருந்து வேலைக்கு வந்த முருகேசனிடம் கொடுத்தேன்.

தோளை முட்டுக்கொடுத்து அழுத்தியும் மதியம் வரை அவரால் ஒரு துளைகூட முடிக்க முடியவில்லை. "உங்களுக்கு வேலையே தெரியலை. நாளைக்கு வர வேண்டாம்" என்று எல்லார் முன்னும் சொல்லிவிட்டேன். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "கான்கிரீட்டுக்கா கொண்டுபோனீர்கள்?" என்று கடைக்காரர் கன்னடத்தில் பதறினார். ஹேமர் டிரில்லில் பல் வைத்த இரண்டு தட்டுகள் உரசித்தான் அதிர்வு வருமாம். அது செங்கல் சுவருக்குப் போதும். கான்கிரீட்டுக்கு ரோட்டரி ஹேமர் என்ற வேறு மெஷினாம்; அதில் உள்ளே பிஸ்டன் ஓடி, அதுவே ஓங்கி அடிக்குமாம். இரண்டின் பெயரிலும் ஹேமர் இருந்ததால் நான் வித்தியாசமே பார்க்கவில்லை.

ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டுக்கு விரைந்தேன். கொள்ளேகால் பஸ்ஸுக்காக முருகேசன் நின்றிருந்தார்.

"மன்னிச்சிடுங்க, மெஷின்தான் தப்பு. முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"காத்தாலயே சொன்னனுங்க சார். ரெண்டும் ஒண்ணுதான், பேசாம வேலையப் பாருங்கன்னீங்க."

மறுநாள் வந்தார். ரோட்டரி ஹேமரில் முதல் துளை ஒரு நிமிடத்துக்குள் விழுந்தது. அவர் பொய் சொல்பவர் அல்ல. ஆனால் எவ்வளவு யோசித்தும் அந்தப் பேச்சு மட்டும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. இப்படிக் காதில் வாங்காமல் இன்னும் எத்தனை பேரை வேலையை விட்டு அனுப்பியிருப்பேனோ, தெரியவில்லை.