ருக்மிணியின் பின்னல்

இரண்டு வருடம் தென்னமெரிக்காவில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, கலிஃபோர்னியாவின் டப்ளினில் அண்ணன் வீட்டு வாசலில் பையோடு நின்றேன். கதவைத் திறந்த மரகதம் அண்ணி முதலில் பார்த்தது என் தலைமுடியைத்தான்.

"எண்ணெய் வெச்சிருக்க மாட்ட, ஒழுங்கா சீவிருக்க மாட்ட. அப்பவும் எப்படி இருக்கு பாரு!"

அண்ணி கோபிச்செட்டிபாளையத்துக்காரர். மகன் கவின் பிறந்த பிறகு தைராய்டு சுரப்பது குறைந்துபோனது. தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அதில் வருடக்கணக்காக நன்றாகவே இருந்தார். முடி மட்டும் மெலிந்துவிட்டது. அடுத்த தெரு ருக்மிணிக்கோ ஐம்பது தாண்டியும் பின்னல் இடுப்பைத் தொடும். லிவர்மோர் கோயிலில் அவர் முன்னால் நின்றுவிட்டால் அண்ணி சாமியைப் பார்க்க மாட்டார்.

ஒருநாள் அதே கோயிலில், தயிர்சாதம் சாப்பிட்டபடி ருக்மிணி ரகசியத்தைச் சொல்லிவிட்டார்: முடிக்கான பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை. அண்ணி அதைவிட வீரியமானதாக வாங்கி, கைப்பையின் அடியில் ஒளித்து வைத்துக்கொண்டார். "அவளைப் பார்த்துப் பண்றேன்னு தெரிஞ்சா கோயில் பூரா சொல்லிச் சிரிப்பா கண்ணு. நீ வாயத் தொறக்காத."

அதன் பிறகு ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அதிகம் என்று வந்தது. டாக்டர் தைராய்டு மாத்திரையின் அளவை இரண்டு முறை குறைத்தார். அண்ணியோ ஆகஸ்ட் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, உட்கார்ந்த இடத்தில் தூங்கினார். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. உடனே பயோட்டினை இரண்டாக்கினார்.

அவரால் கார் ஓட்ட முடியாததால் நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் சுந்தரராமனும் அந்தக் கோயிலுக்கு வருகிறவர்.

"ரிப்போர்ட்டுக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லையே! ரிப்போர்ட்படி உங்களுக்கு வேர்த்துக் கொட்டணும், படபடப்பு இருக்கணும். வேற ஏதாவது சாப்பிடறீங்களா? வைட்டமின், முடிக்கு ஏதாவது?"

"இல்லீங்க டாக்டர்." அண்ணி என் தொடையைக் கிள்ளினார்.

"அப்ப ரிப்போர்ட்டைத்தான் நம்பணும். தைராய்டு மாத்திரைய நிறுத்திப் பார்க்கலாம்."

"நிறுத்துனா இந்த அசதி போயிருமுங்களா?"

"ரிப்போர்ட் தப்பா இருந்தா இன்னும் மோசமாகும். முடியும் இன்னும் கொட்டும்."

அண்ணி கைப்பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டார்.

"ருக்மிணிகிட்ட சொல்ல மாட்டீங்கல்ல?"

"ருக்மிணி எங்கம்மா இங்க வந்தாங்க?"

அண்ணி கைப்பையிலிருந்து பயோட்டின் புட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதைப் பார்த்ததும் டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ரத்தத்தில் பயோட்டின் நிறைய இருந்தால் லேபின் கணக்கே குழம்பிவிடுமாம். தைராய்டு குறைவாக இருந்தாலும் அதிகம் என்று காட்டுமாம்.

பயோட்டினை நிறுத்திவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு மிகவும் குறைந்திருந்தது. டாக்டர் பழைய அளவையே திரும்ப எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில், ஃப்ரீவே ஏறியதும் அண்ணி கேட்டார்.

"ருக்மிணியும் அதைத்தானே திங்கறா. அவளுக்கு மட்டும் ஒண்ணும் ஆகலையே?"

"அவங்களுக்குத் தைராய்டுப் பிரச்சினையே கிடையாதே அண்ணி."

"அதுவும் கிடையாதா அவளுக்கு!" என்று அண்ணி ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.