பச்சைச் சேலைப் புள்ளை

இன்று அம்மாவும் நானும் ரெட்டியார்சத்திரம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். என் போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்த அம்மா, ஒன்றில் நின்றுவிட்டார்.

போன வாரம் மதுரையில் பெண் வேடமிட்டு நாங்கள் ஆடிய டிராக் ஷோவில் எடுத்த படம். பச்சைச் சேலையில் நடுவில் நான். சுற்றி நிற்கிறவர்கள்தான் எனக்கு மடிப்பு எடுத்து, பூ வைத்துவிட்டவர்கள். என் முகம் எனக்கே பிடித்துப்போன முதல் படம் அது.

அம்மா எனக்குப் பெண் தேடிக்கொண்டிருக்கிறார்.

“ஏப்பு, நடுவுல நிக்கிற புள்ள யாரு? அம்புட்டு லட்சணமா இருக்கு!”

“தெரிஞ்ச பொண்ணும்மா.”

“நம்ம ஆளுகளா? உனக்குக் கேப்பமா?”

அந்தச் சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன்.

“அம்மா, அது நான்தான்.”

சிரிப்பார் என்று நினைத்தேன். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். போனை என் மடியில் கவிழ்த்து வைத்தார். எழுந்து முன்னால் லேடீஸ் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கே நான் போக முடியாது.

இறங்கும்போது காய்கறிப் பையைக்கூட என்னிடம் தரவில்லை.

செத்த நேரம் எங்கம்மாவுக்கு என்னை அம்புட்டுப் பிடித்திருந்தது.

அந்தப் புள்ளைக்கு வேறு நல்ல மாமியார் யாராவது தெரிந்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள்.