மூடியில் இருந்த திருகு

இன்று காலை அரியலூர் கடைத்தெருவில் என் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. மெக்கானிக் டேங்க் மூடியைக் கழற்றிப் பார்த்து, "காத்து ஓட்டை அடைச்சிருக்கு சார், அதான் பெட்ரோல் இறங்கல" என்றார்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், திருமழபாடியில் அப்பா பண்ணைப் படகின் மோட்டாரை ஓட்டிவந்தார். அம்மா இல்லாத வீட்டில் எனக்கு இருந்தது அக்கா ஒருத்திதான். அவளைக் கொள்ளிடத்துக்கு அக்கரையில் புகுந்த வீட்டில் விட வேண்டிய நாள் அது. கிளம்பிய படகு சிறிது தூரத்திலேயே நின்றுபோனது. அப்பா கழி ஊன்றிக் கரைக்குத் திரும்பினார். பெட்ரோல் குழாயைக் கழற்றி வாயால் ஊதினார், கார்புரேட்டரைத் துடைத்தார். படகு மறுபடியும் நின்று திரும்பியது.

டேங்கை ஒட்டி உட்கார்ந்திருந்த அக்கா, "சகுனம் சரியில்லப்பா. நாளைக்குப் போவலாமே" என்றாள்.

அப்பா டேங்க் மூடியைத் தொட்டுப் பார்த்தார். காற்றுப் போகும் திருகு இறுக்கி மூடப்பட்டிருந்தது. அதை மூடினால் பெட்ரோல் இறங்காது என்று எங்கள் இருவருக்கும் சொல்லித் தந்தவர் அவர்தான். நானோ கரையில் நின்றிருந்தேன். அக்கா விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ஓடாதாப்பா?"

"ஓடும்மா" என்று சொல்லி, அவள் முகத்தைப் பார்க்காமல் அப்பா திருகைத் தளர்த்தினார்.

மோட்டார் சத்தம் அக்கரையில் அடங்கும்வரை நான் கரையிலேயே நின்றேன்.

மெக்கானிக் மூடியை ஊதி மாட்டினார். "இனிமே எங்கயும் நிக்காது சார், போங்க."