மரம் இழுக்க ஒரு இரும்புச் சட்டம்

என் மனைவியின் தம்பி, ரஞ்சன்காவ் என்ற ஊரில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுப் பழைய டிராக்டர் ஒன்றை வாங்கினான். சாகண் ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வெட்டிப்போட்ட தைல மரங்களை, லாரி நிற்கும் ரோடுவரை இழுத்துக் கொடுப்பது தொழில். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவன். என் மனைவிதான் வளர்த்து ஆளாக்கினாள். டிராக்டர் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக் குழம்பில் உப்பு சரியாக விழுந்ததில்லை.

மரத்தைத் தரையோடு இழுத்தால் முனை மண்ணைக் குத்தி நின்றுவிடுகிறது. அதைத் தூக்கிப் பிடிக்க டிராக்டரின் பின்னால் மாட்டுகிற மாதிரி ஒரு இரும்புச் சட்டம் வேண்டும் என்றான். நான் கார் பம்பர் செய்யும் கம்பெனியில் வெல்டிங் பிரிவில் இருப்பவன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பிம்ப்ரியில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பற்றவைத்தோம். உயரம் எவ்வளவு என்று கேட்டான். உயரமாக இருந்தால் நல்லதுதானே என்றேன். சட்டம் என் தோளளவுக்கு வந்தது. சங்கிலிக் கொக்கியை அதன் உச்சியில் வைத்தேன். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது.

முதல் மரத்தை இழுக்கும் அன்று தோட்டக்காரர் தேங்காய் உடைத்தார். அது மராட்டிக் கணக்கு. எங்கள் கணக்குக்கு மனைவி நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, கண்ணை மூடிக்கொண்டாள். மச்சினன் கிளட்சை விட்டான். மரம் அசையவில்லை. சங்கிலி விறைத்தது. பின்சக்கரங்கள் நகர, முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு மேலே போயின. டிராக்டர் வானத்தைப் பார்த்தது. அவன் கிளட்சை மிதிக்க, வண்டி தொப்பென்று விழுந்தது.

சத்தத்தில் கண் திறந்தவள் தம்பியைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். பின்னால் வைத்த பழங்கள் கூழாகியிருந்தன. முன்னால் வைத்தவை வைத்தபடியே இருந்தன.

"இது ரெண்டும் ஏன் நசுங்கல?" என்று கேட்டாள்.

லேசாகத் தூக்கிவிட்டது என்றான் அவன். என்னைக் காட்டி, மாமாவை பானெட்டில் உட்காரவைத்தால் சரியாகிவிடும், அவர் உடம்பு இன்றைக்காவது ஒரு வேலைக்கு உதவும் என்றும் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொக்கி பின் அச்சுக்கு மேலே இருந்தால் மரம் நகர்வதற்குப் பதில் வண்டிதான் மல்லாந்துவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு நொடி பிந்தியிருந்தால் அவன் வண்டிக்கு அடியில் கிடந்திருப்பான். போய்ச் சங்கிலியைக் கொக்கியிலிருந்து கழற்றினேன்.

அடுத்த வாரம் சட்டத்தை அறுத்துக் குட்டையாக்கினோம். கொக்கியை அச்சுக்குக் கீழே இறக்கி, வண்டியின் முன்பக்கம் இரும்புக் கட்டிகளைத் தொங்கவிட்டோம். முனை மண்ணில் குத்தாமலிருக்கப் பழைய டிரம்மை வெட்டி, மரத்தின் மூக்கில் மாட்ட ஒரு கூம்பு செய்தோம். பார்க்கச் சகிக்கவில்லை.

மறுபடியும் தோட்டத்துக்குப் போனோம். மச்சினன் ஏறப் போனபோது மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"செஞ்சது நீங்கதானே. நீங்களே ஓட்டுங்க," என்றாள் என்னிடம்.

எங்கள் குடும்பத்தில் யார் உயிருக்கு முதலிடம் என்பது அன்றைக்கு எனக்குத் தெளிவானது. வருத்தமாகத்தான் இருந்தது. ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினேன்.

அவள் புடவையைச் செருகிக்கொண்டு ஏறி, பின்சக்கர மட்கார்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி தூக்கினால் அந்த இடத்தில் உட்கார்வதால் பிரயோஜனமில்லை, அடிதான் படும் என்றேன்.

"தெரியும். ஓட்டுங்க," என்றாள்.

கீழே நின்ற மச்சினன் முதல்முறையாகச் சிரிக்காமல் எங்களைப் பார்த்தான். அவள் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். கிளட்சை விட எனக்கு வெகுநேரம் ஆயிற்று. மரம் மெதுவாக நகர்ந்தது. முன்சக்கரங்கள் தரையிலேயே இருந்தன. ரோடு வந்து வண்டியை அணைத்த பிறகும் அவள் காலரை விடவில்லை.